நம் வயல் கணக்குக்கு நாமே ஒரு ஆப்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

போனில் ஓடும் ஒரு ஆப்பைச் சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஜாவா, கோட்லின் என்ற நிரல் மொழிகளில் எதைப் படிக்கலாம், எந்தக் கோர்ஸ் நல்லது, எவ்வளவு ஃபீஸ் என்று விசாரிப்பதிலேயே அந்த ஆசை ஆறிப்போய்விடுகிறது. அந்த விசாரணையை ஓரமாக வையுங்கள். வீட்டில் யாருக்கு எந்தக் கணக்கு ஓயாமல் தொல்லை கொடுக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆப் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

காவிரி டெல்டாவில் இதற்குப் பஞ்சமே இல்லை. 'மா' என்ற ஊர் அளவில் சொல்லும் நிலத்தை ஏக்கரில் சொல்ல வேண்டும். அறுவடை மிஷின் எத்தனை மணி நேரம் ஓடியது, வாடகை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லை 40 கிலோ மூட்டையில் கணக்குப் போட வேண்டும். பால் ஊற்றிய கணக்கு, சீட்டுக் கணக்கு, நடவாள் கூலி என்று இன்னும் எவ்வளவோ உண்டு. இவற்றில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் பயன்படுத்துவதாக, ஒரே திரையில் முடிவதாக, இன்டர்நெட் இல்லாமல் ஓடுவதாக அது இருக்கட்டும்.

கடைசி நிபந்தனையை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கரண்டும் டவரும் பல ஊர்களில் நாள்கணக்கில் இல்லை. சாதாரண நாளிலும் வயலுக்குள் இறங்கினால் சிக்னல் ஒரு கோடு காட்டும், அப்புறம் அதுவும் போகும். நெட் இருந்தால்தான் திறக்கும் என்கிற ஆப் வரப்பில் நிற்பவருக்குப் பயன்படாது. தவிர, சர்வர், லாகின், பாஸ்வேர்ட் எல்லாம் வேண்டாம் என்று வைத்துவிட்டால் புதிதாகக் கற்பவருக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

என்ன வேண்டும்

ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான். ஐபோனுக்கு முறையாக ஆப் செய்து கடையில் போட மேக் கம்ப்யூட்டரும் ஆண்டுக்கு 99 டாலர் கட்டணமும் தேவைப்படும். பொழுதுபோக்காகத் தொடங்குகிறவருக்கு அது வீண்செலவு.

புது லேப்டாப் வாங்க ஓட வேண்டாம். 2011 முதல் பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு கொடுத்த லேப்டாப் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. அதில் குரோம் பிரவுசர் ஒழுங்காக ஓடினால் போதும். ஏனென்றால் நாம் தொடங்கப்போகும் கருவி பிரவுசருக்குள்ளேயே ஓடுவது.

அதன் பெயர் எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர். 2010இல் கூகுள் அறிமுகப்படுத்தியது. 2012இலிருந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்திவருகிறது. முழுக்க இலவசம். வரி வரியாக நிரல் தட்டாமல், வண்ண வண்ண பிளாக்குகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தி ஆப் செய்யலாம். 'இது சின்னப் பிள்ளைகள் விளையாடுவது' என்று சிலர் ஒதுக்குவார்கள். அந்தப் பேச்சைக் காதில் வாங்க வேண்டாம். மாறி (ஒரு மதிப்பைப் பெயரிட்டுப் போட்டு வைக்கும் பெட்டி), நிபந்தனை, பட்டியல், 'இந்த பட்டனை அழுத்தினால் இதைச் செய்' என்கிற நிகழ்வு எல்லாம் இதிலும் உண்டு, பெரிய மொழிகளிலும் உண்டு. அரைப்புள்ளி ஒன்றை விட்டுவிட்டோமே என்று ராத்திரி முழுக்கத் தேடும் வேதனை மட்டும் இதில் இல்லை.

பிரவுசரில் ஆப் இன்வென்டர் என்று தேடி, உங்கள் கூகுள் கணக்கால் உள்ளே போங்கள். போனில் பிளே ஸ்டோரிலிருந்து எம்.ஐ.டி. ஏ.ஐ.2 கம்பானியன் என்ற ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் 'கனெக்ட்' மெனுவில் கம்பானியனைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கியூஆர் கோடு வரும். அதைப் போனில் ஸ்கேன் செய்தால் கம்ப்யூட்டரில் நீங்கள் செய்யும் மாற்றமெல்லாம் அப்போதே போனில் தெரியும். போனும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருப்பது நல்லது. வீட்டில் வைஃபை இல்லையென்றால் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அதில் லேப்டாப்பை இணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வேலை செய்யும்.

முதல் ஆப்: மாவிலிருந்து ஏக்கர்

முதல் நாளே செய்து முடிக்கக்கூடியது இது. தஞ்சாவூர்க் கணக்கில் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. கணக்கு இவ்வளவுதான்.

ஆப் இன்வென்டரில் இரண்டு பக்கங்கள் உண்டு. 'டிசைனர்' பக்கத்தில் திரை எப்படித் தெரிய வேண்டும் என்று அடுக்குகிறோம். 'பிளாக்ஸ்' பக்கத்தில் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறோம். டிசைனரின் இடப்பக்கத்திலிருந்து ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ், ஒரு பட்டன், ஒரு லேபிள் மூன்றையும் நடுவில் இருக்கும் போன் படத்துக்குள் இழுத்துப் போடுங்கள். வலப்பக்கத்தில் ஒவ்வொன்றின் குணங்களும் இருக்கும். டெக்ஸ்ட்பாக்ஸுக்கு 'ஹின்ட்' என்ற இடத்தில் 'எத்தனை மா?' என்று தமிழிலேயே எழுதுங்கள். 'நம்பர்ஸ் ஒன்லி' என்பதை டிக் செய்தால் எண் விசைப்பலகை மட்டும் வரும். பட்டனில் 'கணக்கிடு' என்று எழுதுங்கள். எழுத்தின் அளவு வழக்கமாக 14 இருக்கும். மூன்றுக்கும் 24 ஆக்கிவிடுங்கள்.

இனி பிளாக்ஸ் பக்கம். பட்டனைத் தொட்டால் அதற்குரிய பிளாக்குகள் விரியும். 'கிளிக் ஆகும்போது' என்று வருவதை வெளியே எடுங்கள். அதன் வாய்க்குள் லேபிளின் எழுத்தை மாற்றும் பிளாக்கை வையுங்கள். அதற்குப் பக்கத்தில் கணக்குப் பிளாக்குகள்: டெக்ஸ்ட்பாக்ஸில் உள்ள எண்ணை 14,400ஆல் பெருக்கி 43,560ஆல் வகுங்கள். எண்ணை பிளாக்கில் தட்டும்போது காற்புள்ளி போடாதீர்கள். விடையை இரண்டு தசம இடத்தோடு நிறுத்த கணக்குப் பகுதியிலேயே ஒரு பிளாக் உண்டு. கடைசியில் 'ஜாயின்' பிளாக்கால் ' ஏக்கர்' என்ற சொல்லை ஒட்டிவிடுங்கள்.

இப்போது போனில் 3 என்று போட்டு அழுத்துங்கள். 0.99 ஏக்கர் என்று வரும். வீட்டுப் பெரியவர் பார்த்தால், "மூணு மா ஒரு ஏக்கர்தானே தம்பி, இது என்ன குறைச்சுக் காட்டுது?" என்பார். அவர் சொல்வதும் சரிதான். ஊர் வழக்கில் மூன்று மாவை ஒரு ஏக்கராகத்தான் பேசுகிறோம். அடிக்கணக்கில் பார்த்தால் 360 சதுர அடி குறைகிறது. ஒரு வேலிக்குப் பார்த்தால் வழக்குக் கணக்கில் 6.67 ஏக்கர், அடிக்கணக்கில் 6.61. எதைக் காட்டுவது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யாது. பயன்படுத்தப் போகிறவரிடம் உட்கார்ந்து பேசி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நிரல் எழுதுவதில் பெரும்பங்கு இந்தப் பேச்சுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குழியின் அளவே ஊருக்கு ஊர் மாறும். அதனால் 14,400 என்பதைக் கணக்குக்கு நடுவில் புதைக்காமல், தனியே ஒரு மாறியில் வைத்து மேலே தெரியும்படி வையுங்கள். வேறு ஊர்க்காரருக்குக் கொடுக்கும்போது ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

இன்னொன்று. பெட்டியைக் காலியாக விட்டு பட்டனை அழுத்திப் பாருங்கள். பிழைச் செய்தி வரும். 'இது எண்தானா?' என்று கேட்கும் பிளாக் கணக்குப் பகுதியில் இருக்கிறது. அதை 'இஃப்' பிளாக்கோடு சேர்த்து, எண் இல்லையென்றால் 'எத்தனை மா என்று போடுங்கள்' என்று லேபிளில் காட்டுங்கள். ஆள் தவறாகத் தொட்டாலும் திட்டாத ஆப்பாக இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆப்: மிஷின் மணிக் கணக்கு

உண்மையான படிப்பு இங்கேதான் இருக்கிறது. சம்பா அறுவடை வந்தால் தை, மாசியில் வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் அறுவடை மிஷின்கள் வந்து இறங்கும். வாடகை மணிக்கணக்கில். ராத்திரியிலும் ஓடும். வயலில் இறங்கிய நேரம், ஏறிய நேரம் இரண்டையும் யாரோ ஒருவர் மனசிலோ சிகரெட் அட்டையிலோ குறித்து வைத்திருப்பார்.

ராத்திரி 11.20க்கு இறங்கிய மிஷின் 1.10க்கு ஏறியது என்று வைத்துக்கொள்வோம். வாடகை மணிக்கு 2,400 ரூபாய். ஓடியது 1 மணி 50 நிமிடம். இதைக் கால்குலேட்டரில் 1.50 என்று தட்டி 2,400ஆல் பெருக்கினால் 3,600 வரும். ஆனால் 1.50 என்பது ஒன்றரை மணி. 110 நிமிடத்துக்குச் சரியான வாடகை 4,400. ஒரே பெருக்கலில் 800 ரூபாய் வித்தியாசம். வரப்பில் சண்டை வருவது இப்படித்தான். அடுத்த சிக்கல் நள்ளிரவு. முடிந்த நேரம் 1.10இலிருந்து தொடங்கிய நேரம் 23.20ஐக் கழித்தால் மைனஸில் போகும்.

இரண்டுக்கும் ஒரே தீர்வுதான். மணி, நிமிடம் என்று பிரித்துச் சேமிக்காதீர்கள். ஆப் இன்வென்டரின் 'கிளாக்' உறுப்பில் 'சிஸ்டம் டைம்' என்று ஒன்று உண்டு. 1970 ஜனவரி 1 முதல் ஓடிய மொத்த மில்லிசெகண்டை ஒரே எண்ணாகக் கொடுக்கும். தேதி மாறினாலும் அது கூடிக்கொண்டே போகும். முடிந்த எண்ணிலிருந்து தொடங்கிய எண்ணைக் கழித்து 60,000ஆல் வகுத்தால் நிமிடம். நம் உதாரணத்தில் 66,00,000 மில்லிசெகண்ட், அதாவது 110 நிமிடம். அதை மணி வாடகையால் பெருக்கி 60ஆல் வகுத்தால் ரூபாய்.

திரையில் 'தொடங்கு', 'நிறுத்து' என்று இரண்டு பெரிய பட்டன்கள், வாடகைக்கு ஒரு பெட்டி, வயலைத் தேர்ந்தெடுக்க ஒரு 'லிஸ்ட் பிக்கர்', விடைக்கு ஒரு லேபிள். கிளாக் உறுப்பும் 'டைனிடிபி' என்ற சேமிப்பு உறுப்பும் திரையில் தெரியாது. போன் படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும்.

தொடங்கிய நேரத்தை மாறியில் வைத்தால் என்ன ஆகும்? மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் வரும், வாட்ஸ்அப் பார்ப்பார், வீடியோ பார்ப்பார். போனில் மெமரி குறைந்தால் ஆண்ட்ராய்டு பின்னால் கிடக்கும் ஆப்பைச் சொல்லாமல் மூடிவிடும். மாறியில் இருந்தது அதோடு போய்விடும். ஆகவே 'தொடங்கு' அழுத்திய அந்த நொடியே எண்ணை டைனிடிபியில் எழுதுங்கள். 'நிறுத்து' அழுத்தும்போது அங்கிருந்து எடுத்துக் கழியுங்கள். இடையில் ஆப் மூடினாலும், போனையே அணைத்துப் போட்டாலும், கணக்கு நிற்காது. எந்த டைமரும் பின்னால் ஓட வேண்டிய அவசியமில்லை.

ஆப்பைத் திறந்ததும் முதல் வேலையாக டைனிடிபியைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்க எண் ஏற்கெனவே இருந்தால் மிஷின் வயலில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது 'தொடங்கு' பட்டனை முடக்கி 'நிறுத்து' பட்டனை மட்டும் திறந்து வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் யாராவது கை தவறி 'தொடங்கு' பட்டனை மறுபடி அழுத்துவார், பழைய நேரம் அழிந்துபோகும். கணக்கு முடிந்ததும் தொடக்க எண்ணை அழித்துவிட்டு, வயல் பெயர், நிமிடம், ரூபாய் மூன்றையும் ஒரு பட்டியலில் சேர்த்து அதையும் டைனிடிபியில் எழுதுங்கள். அறுப்பு முடிந்து மிஷின்காரரோடு உட்காரும்போது அந்தப் பட்டியல்தான் வேண்டும்.

டைனிடிபி பற்றி இரண்டு எச்சரிக்கை. கம்பானியனில் சோதிக்கும்போது சேமித்தது, அப்புறம் நீங்கள் தனி ஆப்பாக நிறுவும்போது அதோடு வராது. ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் சேமித்ததெல்லாம் போய்விடும்.

தமிழ் எழுத்து தரும் தொல்லை

ஆண்ட்ராய்டில் தமிழ் நன்றாகவே தெரியும். லேபிளிலும் பட்டனிலும் அப்படியே எழுதலாம். எழுத்தை ஒப்பிடவோ எண்ணவோ தொடங்கினால்தான் சிக்கல். நெல் என்பது நமக்கு இரண்டு எழுத்து. 'லெங்த்' பிளாக் 4 என்று சொல்லும். கம்ப்யூட்டர்கள் எழுத்தைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ந, ஒற்றைக்கொம்பு, ல, புள்ளி நான்கும் தனித்தனிக் குறிகள். 'கொ'வில் இன்னும் மோசம். க-வும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியாக இருக்கலாம், க, கொம்பு, கால் என்று மூன்றாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். ஒரு கீபோர்டில் அடித்த கொரடாச்சேரியும் வேறு எங்கிருந்தோ ஒட்டிய கொரடாச்சேரியும் சமமில்லை என்று நிரல் சொல்வது இதனால்தான்.

தொடக்கத்தில் இதற்கு எளிய வழி, பெயரைத் தட்டச் சொல்லாமல் பட்டியலிலிருந்து தொடச் சொல்வது. 'வாய்க்கால் மேடு', 'கோயில் பங்கு', 'களத்து மா' என்று வயல் பெயர்களை லிஸ்ட் பிக்கரில் ஒருமுறை நீங்களே போட்டுவிடுங்கள். சேறு காயாத கையோடு தமிழ் கீபோர்டில் தட்டுவது யாருக்கும் முடியாத காரியம். எண்ணை லட்சக் கணக்கில் பிரித்து 1,00,000 என்று காட்ட ஆசைப்படுவீர்கள். அதற்குத் தனியாக ஒரு புரொசீஜர், அதாவது பெயரிட்டு வைத்து வேண்டும்போது கூப்பிடும் பிளாக் தொகுப்பு, எழுத வேண்டும். நல்ல பயிற்சி, செய்து பாருங்கள்.

வெயிலில் சோதியுங்கள்

மேசையில் அழகாகத் தெரியும் ஆப் மத்தியான வெயிலில் ஒன்றுமே தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அல்லது நேர்மாறாக. இளநீலம், வெளிர்ப்பச்சை எல்லாம் வேண்டாம். 'நிறுத்து' பட்டன் திரையின் அகலம் முழுக்க இருக்கட்டும். இரண்டு பட்டனும் ஒட்டி இருக்கக் கூடாது.

பிறகு போனைச் சித்தப்பா கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். "எங்கப்பா அமுக்கணும்?" என்று அவர் கேட்டால் பட்டன் சரியில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு பட்டனை மாற்றுங்கள். அவர் விரல் முதலில் எங்கே போகிறது, எதைப் படிக்கிறார், எதைப் படிக்காமல் தாண்டுகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து திருத்துங்கள். மறுபடி கொடுங்கள்.

போனில் போட்டுக் கொடுப்பது

'பில்ட்' மெனுவில் ஏபிகே கோப்பு, அதாவது ஆப்பைப் போனில் நிறுவும் கோப்பு, உருவாகும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து போனில் இறக்கலாம். 'தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா?' என்று ஆண்ட்ராய்டு கேட்கும். அந்த அனுமதியை அப்போதைக்கு மட்டும் கொடுத்து, நிறுவியதும் எடுத்துவிடுங்கள்.

ஏபிகேயை வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்க அனுப்பாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம் என்று ஏபிகே அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேயைத் தொட்டால் தப்பில்லை என்ற பழக்கத்தை நம் சொந்தக்காரர்களுக்கு நாமே உண்டாக்கக் கூடாது. நேரில் போய் உங்கள் கையால் போட்டுக் கொடுங்கள். ஆப்பும் தேவையில்லாத அனுமதி எதையும் கேட்கக் கூடாது. மணிக் கணக்குக்குக் காண்டாக்ட் எதற்கு?

திருத்திய பதிப்பைக் கொடுக்கும்போது அதே கூகுள் கணக்கிலிருந்து உருவாக்கிய ஏபிகேயாக இருக்க வேண்டும். ஆப்பைச் செய்தவர் யார் என்று ஆண்ட்ராய்டுக்கு அடையாளம் காட்டும் ஒரு கையொப்பச் சாவி ஒவ்வொரு கணக்குக்கும் உண்டு. சாவி மாறினால் பழையதன்மேல் புதியதை ஏற்ற ஆண்ட்ராய்டு விடாது. பழையதை அன்இன்ஸ்டால் செய்தால் சித்தப்பாவின் கணக்கெல்லாம் போய்விடும். மெனுவில் இந்தச் சாவியை, அதாவது கீஸ்டோரை, இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. புராஜெக்ட் கோப்பையும் சேர்த்து இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள்.

அடுத்தது

இரண்டு மூன்று ஆப் செய்த பிறகு ஆப் இன்வென்டர் கையைக் கட்டுவதுபோல் தோன்றும். அப்போது கோட்லின் மொழிக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கும் போங்கள். ஆண்ட்ராய்டுக்குக் கோட்லினே முதல் மொழி என்று 2019இல் கூகுள் அறிவித்தது. இதற்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும், 16 இருந்தால் நிம்மதி. பரண் லேப்டாப் இதைத் தாங்காது. போலிப் போனைக் கம்ப்யூட்டரில் ஓடவிடும் எமுலேட்டர் ரேமைத் தின்றுவிடும். அதற்குப் பதில் உங்கள் போனையே கேபிளில் இணையுங்கள். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியில் 'பில்ட் நம்பர்' என்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கைப் போட்டால் போதும்.

கூகுளின் இலவசப் பயிற்சி 'ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ்' ஆங்கிலத்தில் இருந்தாலும் படிப்படியாகப் போகும். அதில் வரும் உதாரணங்களோடு சேர்த்து உங்கள் மணிக் கணக்கு ஆப்பையே கோட்லினில் மறுபடி எழுதுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எப்படி எழுதுவது என்பது மட்டும்தான் புதிது. டைனிடிபி இருந்த இடத்தில் 'ரூம்' என்ற சேமிப்பு முறை வரும்.

பிளே ஸ்டோரில் போட ஆசை வந்தால், ஒரே முறை 25 டாலர் கட்டி டெவலப்பர் கணக்கு தொடங்க வேண்டும். எந்தத் தகவலும் சேகரிக்காத ஆப்பாக இருந்தாலும் தனியுரிமைக் கொள்கையும் தகவல் பாதுகாப்புப் படிவமும் கொடுத்தாக வேண்டும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், முதலில் 12 பேர் தொடர்ந்து 14 நாள் ஆப்பைச் சோதனையில் வைத்திருக்க வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுவதால் பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பன்னிரண்டு பேரை முன்பின் தெரியாதவர்களிடம் தேட வேண்டாம். அறுப்பு நடக்கும் மாதத்தில் சோதனையை வைத்தால் தெருவிலேயே கிடைப்பார்கள். ஒவ்வொருவரும் எந்த ஜிமெயிலில் பிளே ஸ்டோர் வைத்திருக்கிறார் என்று போனைப் பார்த்தே எழுதிக்கொள்ளுங்கள், வாயால் கேட்டால் பாதிப் பேர் பேரன் பெயரில் இருக்கும் வேறு ஐடியைச் சொல்வார்கள். பதினான்கு நாளும் சோதனையிலிருந்து யாரும் விலகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிருவர் விலகினாலும் எண்ணிக்கை குறையாமல் இருக்க, பதினைந்து பேராகச் சேர்த்துக்கொள்வது நல்லது.